இரு பூட்டுக் கிடங்கு

ஜூலை 3, வியாழன்

மதிப்பிற்குரிய நாட்குறிப்புக்குப் பணிவான வணக்கம். புத்தாண்டன்று கிளப்பில் அன்பளிப்பாகக் கிடைத்த தங்களை ஆறு மாதங்கள் அலமாரியில் காத்திருக்க வைத்தமைக்கு மன்னிப்புக் கோருகிறேன். எழுதத் தகுந்தது ஒன்று நிகழும்வரை அற்பச் செய்திகளால் தங்கள் பக்கங்களை நிரப்ப எனக்கு மனம் வரவில்லை. இன்று அது நிகழ்ந்துள்ளது.

வைப்பாறு ரைபிள் கிளப்பின் நிர்வாகக் குழு, சாத்தூர் சுடுதளத்தில் உள்ள தோட்டாக் கிடங்குக்கு என்னைக் காப்பாளராக நியமித்திருக்கிறது. இதுவரை நான் உதவியாளர். வேலையில் மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் கதவருகே உள்ள பலகையில் ‘காப்பாளர்: இரா. குருவம்மாள்’ என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். பெயின்ட் காய்வதற்குள் பலமுறை அந்தப் பக்கம் செல்ல நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் அலுவல் காரணமாகவே.

நான் பள்ளியில் படித்தது ஐந்தாம் வகுப்புவரை. பிறகு பட்டாசு ஆலை. அங்கே மருந்து அறையின் சுவரில் ‘உள்ளே நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொடவும்’, ‘உலோகப் பொருட்களை உடன் கொண்டு செல்லுதல் கூடாது’ என்றெல்லாம் எழுதியிருக்கும். உணவு இடைவேளையில் அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்தே என் தமிழ் வளர்ந்தது. என் பேச்சு அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது என்று இங்கே சிலர் கேலி செய்வதுண்டு. அறிவிப்புப் பலகையை மதித்தவர்கள் எல்லாரும் மாலையில் வீடு திரும்பினார்கள். மதிக்காதவர்களில் சிலர் திரும்பவில்லை. ஆகவே கேலியைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கிடங்கின் இரும்புக் கதவுக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி என்னிடம் இருக்கிறது. மற்றது ஹவில்தார் வீரசின்னு அவர்களிடம். ராணுவத்தில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், ஒரே மகள் ஓசூரில் இருக்கிறாள். இரண்டாம் சாவிக்கு உரியவர் என்ற முறையில் சுடுதளத்தின் ஓரத்தில் உள்ள ஒற்றை அறை அவருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. எந்த ஒருவராலும் தனியே திறக்க முடியாது என்பதே அக்கதவின் சிறப்பு. எனவே காலையிலும் மாலையிலும் நாங்கள் இருவரும் அதன் முன்னால் அருகருகே நிற்க வேண்டியுள்ளது. இது விதி.

ஜூலை 8, செவ்வாய்

கிடங்கைத் துடைத்தேன். பெட்டிகள் எதுவும் தரையில் படக் கூடாது. மரப் பலகைகளின் மேல்தான் இருக்க வேண்டும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி தேவை. முதலில் வந்த பெட்டி முதலில் வெளியேற வேண்டும். துப்பாக்கிகள் வேறு அறையில், தோட்டாக்கள் வேறு அறையில். கைப்பேசி வாசலோடு நின்றுவிடும். வெடிக்காமல் போன தோட்டா தனி இரும்புப் பெட்டிக்குப் போகும். இவற்றில் எதையும் எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. பெட்டிகளின் மேல் அச்சிட்டிருந்ததையும் கிளப்பின் விதிப் புத்தகத்தையும் அகராதியின் துணையோடு நானே வாசித்து அறிந்தேன்.

நான் அறிமுகப்படுத்திய முறை ஒன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். தோட்டா வழங்கும்போது, வேண்டிய வகையை நான் சீட்டிலிருந்து உரக்க வாசிப்பேன். ஹவில்தார் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே பெட்டியை எடுத்து நீட்டுவார். “பன்னிரண்டு போர், சிவப்பு, ஒரு பெட்டி” என்பேன். (போர் என்பது துப்பாக்கிக் குழலின் அளவு.) “பன்னிரண்டு போர், சிவப்பு, ஒரு பெட்டி” என்பார். முன்பு இருவரும் ஆளுக்கொரு முறை பெட்டியைத் திருப்பிப் பார்த்து, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தோம். அதில் கம்பீரம் இல்லை. தை மாதம் முதல் இந்தப் புதிய முறை நடைமுறையில் உள்ளது. செயலாளரே ஒரு நாள் நின்று கேட்டுவிட்டு, “கோயில்ல மந்திரம் சொல்ற மாதிரி இருக்குக்கா” என்றார்.

ஹவில்தாரின் குரல் கணீரென்றது. அது முறைக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

ஜூலை 11, வெள்ளி

வடித்த சோறு இன்றும் அதிகமாகிவிட்டது. வீணாக்க மனமின்றி ஹவில்தாருக்குக் கொடுத்தேன். கத்தரிக்காய்க் கொத்சு.

ஜூலை 16, புதன்

மறைந்த உறுப்பினர் ஒருவரின் வீட்டிலிருந்து அவருடைய பழைய தோட்டாக்களை உரிய அனுமதியுடன் ஒப்படைத்தார்கள். அவற்றுள் ஒரு பெட்டி எனக்குக் கவலை அளிக்கிறது.

அதை விளக்குகிறேன். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட இரு வகைத் துப்பாக்கிகள் இங்கே பயன்படுகின்றன: பன்னிரண்டு போர், இருபது போர். எண் பெரிதானால் குழல் சிறிது என்பது இதில் விசித்திரம். இருபது போர்த் தோட்டா ஒல்லியானது. அதைத் தவறிப் பன்னிரண்டு போர்த் துப்பாக்கியில் போட்டால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. வழுக்கிக் குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். சுடுபவர் அது தெரியாமல் அதன் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். இந்தக் குழப்பம் நேரக் கூடாது என்றுதான் இருபது போர்த் தோட்டாவை மஞ்சளில் செய்கிறார்கள். ஆனால் இன்று வந்த பெட்டி மிகப் பழையது. அதில் உள்ள இருபது போர் சிவப்பு. எங்கள் பன்னிரண்டு போரும் சிவப்பு.

பெட்டியின் மேல் ‘இருபது போர், வழங்கலாகாது’ என்று எழுதி, மேற்குச் சுவரோரம் தனிப் பலகையில் வைத்தேன். அழிப்பதற்கான அனுமதிக்குச் செயலாளர் விண்ணப்பிப்பார். செயலாளர் தனசேகரன் பல் மருத்துவர். ஞாயிறுகளில் தாமும் சுடுவார்.

ஜூலை 22, செவ்வாய்

மெர்லின் வந்தாள். கல்லூரி மாணவி, கிளப்பின் களிமண் தட்டுப் பிரிவில் நம்பிக்கைக்குரிய வீராங்கனை. வாயும் துப்பாக்கியைப் போலவே குறி தவறாது. அவள் என்னிடம் கேட்டாள்:

“ஏங்க்கா, ஊரே அவர அண்ணாச்சிங்குது. டாக்டரும் அண்ணாச்சிங்காரு. நீங்க மட்டும் என்ன ஹவில்தாருன்னு கூப்பிடுறீங்க?”

“அது அவர் வகித்த பதவி. பதவியைச் சொல்லி அழைப்பதே மரியாதை.”

“அப்ப என்னைய ‘மாணவி’ன்னு கூப்பிடுங்க பாப்போம்.”

“மாணவியே, தோட்டாப் பையைச் சரிபார்த்துப் பெற்றுக்கொள்ளவும்.”

அவள் சிரித்துக்கொண்டே போனாள். ஹவில்தாரும் சிரித்தார். அவருக்குச் சிரிக்கும்போது மீசை மட்டும் முதலில் அசையும். இதனைத் தற்செயலாகக் கவனித்தேன்.

ஜூலை 30, புதன்

மேற்குச் சுவரின் மறுபுறம் தொட்டிக் குழாய் உடைந்து சுவரில் ஓதம் ஏறிவிட்டது. ஈரம் தோட்டாவுக்கு நஞ்சு. உடனே பலகைகள் அனைத்தையும் இடம் மாற்றினேன். மேற்கில் இருந்தவை கிழக்கே. கிழக்கே இருந்தவை நடுவே. ஹவில்தார் குழாய்க்காரரோடு வெளியே நின்றதால் தனியாகவே, கதவைத் திறந்து வைத்து அவர் கண் முன்னிலையில், இதனைச் செய்து முடித்தேன். முதுகு வலித்தாலும் வேலை நேர்த்தி. புதிய வரிசையை மாலையில் அவருக்கு ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டினேன்.

“சரி, சரி. மனசுல ஏத்திக்கிடுறேன்” என்றார்.

“மனதில் எதற்கு? பெட்டியில் எழுதியிருக்கிறதே.”

“ஆமா, எழுதியிருக்கு” என்றார் அவர்.

ஆகஸ்ட் 2, சனி

எழுதுவதற்குக் கை வரவில்லை. ஆயினும் எழுதுகிறேன்.

காலைப் பயிற்சியில் மெர்லின் சுட்டுக்கொண்டிருந்தாள். விசையை அழுத்தியபோது வெடிக்கவில்லை. விதிப்படி துப்பாக்கியை மைதானத்தை நோக்கி நீட்டியவாறே காத்திருந்தாள். பிறகு திறந்து பார்த்தாள். உள்ளே தோட்டாவே இல்லை. போட மறந்துவிட்டோம் என்று எண்ணி அடுத்ததற்காகப் பையில் கை விட்டாள்.

அடுத்த இடத்தில் நின்ற செயலாளர், “நில்லு மெர்லின்” என்றார்.

“மறந்துட்டேன் சார், போடவே இல்ல போல.”

“போட்ட. நான் பாத்தேன். போட்டது எங்க?”

குழலுக்குள் பார்த்தார்கள். இருட்டாக இருந்தது. கம்பியைச் செலுத்தி வெளியே தள்ளினார்கள். சிவப்புத் தோட்டா. அடியில் இருபது என்று பொறித்திருந்தது.

இன்று அவளுக்கு நாங்கள் வழங்கிய பெட்டியில் பன்னிரண்டு போர் ஒன்றுகூட இல்லை. போன வாரம் வழங்கிய பன்னிரண்டு போரில் மிஞ்சியவை பையில் இருந்திருக்கின்றன. அடுத்து அவள் கையில் அகப்பட்டது அவற்றுள் ஒன்று. அதைப் போட்டுச் சுட்டிருந்தால், அவளுடைய இடது கை அந்தக் குழலின் அடியில் இருந்திருக்கும்.

நான் சீட்டிலிருந்து வாசித்தேன். ஹவில்தார் திருப்பிச் சொன்னார். சொற்கள் அனைத்தும் சரியாக இருந்தன.

மாலையில் கிடங்கைப் பெருக்கினேன். ஏற்கெனவே பெருக்கியதுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

செயலாளர் விசாரித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“கிடங்கின் பொறுப்பு முழுவதும் என்னுடையது. முறைப்படி உரக்க வாசித்தோம். தவறு எங்கே நேர்ந்தது என்பதை ஆராய்ந்து அறிக்கை அளிக்கிறேன்” என்றேன்.

அவர் அந்தப் பழைய பெட்டியை எடுத்து ஹவில்தாரிடம் நீட்டினார். “அண்ணாச்சி, இதுல என்ன எழுதியிருக்கு?”

“இருபது போர், வழங்கலாகாது.”

அதைச் சொன்னது நான். எவ்வாறு சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் தன்னால் வாசித்துவிட்டது.

செயலாளர் என்னைப் பார்த்தார். “நான் அண்ணாச்சியக் கேட்டேங்க்கா.”

“அதான் சொல்லிட்டாங்களே” என்றார் ஹவில்தார். “இருபது போர், வழங்கலாகாது.”

செயலாளர் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். “அடுத்த ஞாயிறு போட்டி. நாலு மாவட்டத்துல இருந்து வாராங்க. கிடங்கு சரியா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடத்துவோம், குருவம்மாக்கா. இல்லன்னா தள்ளிப் போட்டுருவோம். உங்க வார்த்தைக்கு மேல நான் எதையும் கேக்க மாட்டேன்.”

என் வார்த்தைக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும் என்று பட்டாசு ஆலையில் செம்புத் தகட்டைத் தொட்டுக்கொண்டு நின்ற நாட்களில் நான் எண்ணியதில்லை. மகிழ்ந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

விடுமுறை. ரேஷன் கடைக்குச் சென்றேன். பருப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

மாலை, கிடங்கைப் பூட்டியபின், ஹவில்தார் வேப்ப மரத்தடிச் சிமென்ட் பெஞ்சில் அமர்ந்தார். என்னையும் அமரச் சொன்னார். நான் நின்றவாறே கேட்டேன்.

“பொரைதான்” என்றார். “ரெண்டு கண்ணுலயும். எழுத்து எல்லாம் எறும்பு ஊருற மாதிரி தெரியுது. இடத்த வச்சுத்தான் எடுத்துக்கிட்டு இருந்தேன்.”

இது எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் மீசை அசைந்தது.

“சும்மா இருங்கம்மா. தையில இருந்துதான எனக்குத் தெரியாமப் போச்சு. தையில இருந்துதான நீங்களும் சத்தம் போட்டு வாசிக்க ஆரம்பிச்சீங்க.”

என் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

“அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாமே. மதுரையில் அன்றாடம் நூற்றுக்கணக்கானோர் செய்துகொள்கிறார்கள்” என்றேன்.

“எங்க அண்ணன் ஒருத்தன் போனான். போகும்போது அரைக் கண்ணு. வரும்போது அதுவும் இல்ல.”

“அது எந்தக் காலம்?”

“எந்தக் காலமா இருந்தா என்ன, போனது அவன் கண்ணு.” பிறகு சாவியை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தார். “இப்படிச் செய்வோம். ரெண்டையும் நீங்களே வச்சிக்கிடுங்க. நீங்களே எடுங்க, நீங்களே பாருங்க. நான் பக்கத்துல சும்மா நிக்கேன். யாருக்குத் தெரியப் போகுது? இந்தச் சாவி போச்சுன்னா அந்த ரூமும் போச்சு. மக வீட்டுல ஒரு மூலையில கட்டிலப் போட்டுக் குடுப்பா. சாத்தூரப் பாக்கிறது அம்புட்டுதான்.”

பெஞ்சின் மேல் இருந்த சாவியை நெடுநேரம் பார்த்தேன். அவர் சொன்னவாறு செய்தால் யாருக்கும் தெரியாது என்பது உண்மை. நான் ஒழுங்காகவே பார்ப்பேன் என்பதும் உண்மை. அவர் இங்கேயே இருப்பார் என்பதும் உண்மை.

“இரண்டு சாவியும் ஒருவரிடம் இருந்தால் அதற்குப் பெயர் ஒரு பூட்டு” என்றேன். “எடுத்துக்கொள்ளுங்கள்.”

எடுத்துக்கொண்டார். நல்லிரவு கூறிவிட்டுப் பேருந்துக்கு நடந்தேன். என் சொல்லில் பிழை இல்லை. ஆனாலும் இருக்கன்குடி விலக்கு தாண்டி, இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சோறு இன்று அளவாகவே இருந்தது. ஆயினும் இரண்டு டப்பாவில் எடுத்துச் சென்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

செயலாளர் தொலைபேசியில் கேட்டார். “என்னக்கா, நடத்தலாமா?”

“ஞாயிறு காலை, கதவைத் திறக்கும்போது தெரிவிக்கிறேன்” என்றேன்.

“அன்னைக்கா? வந்து நிக்கிறவங்கள்ட்ட நான் என்ன சொல்லட்டும்?”

“காப்பாளர் தெரிவிப்பார் என்று சொல்லுங்கள்.”

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. சம்மதித்துவிட்டார். இது நியாயமான கோரிக்கை அல்ல என்பதை நான் அறிவேன். தாமே முன்வந்து சொல்ல ஹவில்தாருக்கு இரண்டு நாட்கள் தேவைப்பட்டன. எனக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடியும்போதே வண்டிகள் வந்துவிட்டன. விருதுநகர், தூத்துக்குடி, தென்காசி, மதுரை. சீருடையும் தொப்பியுமாக மைதானம் நிறைந்துவிட்டது. நான் நீல நிறப் பருத்திச் சேலை உடுத்தியிருந்தேன். பலகையில் என் பெயர் பளிச்சென்று இருந்தது.

என் பூட்டில் சாவியைப் போடவில்லை. முதல் நாளே வெளி மேசைக்கு எடுத்து வைத்திருந்த மூன்று காலிப் பெட்டிகளை ஹவில்தாரின் முன் வரிசையாக வைத்தேன். செயலாளரும் மெர்லினும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஹவில்தார் அவர்களே, வாசியுங்கள்” என்றேன். பிறகு உதடுகளை மூடிக்கொண்டேன்.

முதல் பெட்டியை எடுத்தார். கண்ணுக்கு அருகே கொண்டு சென்றார். தூர நீட்டினார். வெளிச்சத்தை நோக்கித் திருப்பினார். என் நாக்கு நுனிவரை அந்த எழுத்துகள் வந்து நின்றன. ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அவர் பிடித்துக்கொண்டிருப்பார். என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளில் அந்த மௌனத்தைப் போன்ற கடினமான வேலை வேறில்லை.

வரிசையில் நின்ற யாரோ ஒருவர், “என்ன ஸ்டோரம்மா, கதவத் தெறக்க நல்ல நேரம் பாக்கீங்களா?” என்றார். சிலர் சிரித்தார்கள்.

ஹவில்தார் பெட்டியைக் கீழே வைத்தார். முதுகை நிமிர்த்திச் செயலாளரை நோக்கித் திரும்பினார். குரல் மைதானத்தின் கடைசிவரை கேட்டிருக்கும்.

“சார், எனக்குக் கண்ணு தெரியல. மெர்லின் பிள்ள பையில தப்பான தோட்டா போனது என் கையாலதான். சாவிய ஒப்படைக்கேன்.”

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் சாவியை என்னிடம் தரவில்லை, செயலாளரிடம் தந்தார். அதுதான் முறை. அணிவகுப்பில் செல்வதைப் போல நடந்து தம் அறைக்குப் போனார். வழியில் ஒரு நாற்காலி கிடந்தது. அதன் மேல் மோதாமல் நடந்தார்.

“தவறு அவருடையது மட்டுமன்று” என்று நான் செயலாளரிடம் கூறினேன். “நான் வாசிப்பதைக் கேட்டு அவர் சொல்லும் முறையை ஏற்படுத்தியது நான். கண்கள் நான்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டை மட்டும் வைத்திருந்தேன். அந்த இரண்டும் பெட்டியைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்த்தன.”

“தெரியும்க்கா” என்றார் அவர். “இன்னைக்கு நடத்தலாமா?”

“இரண்டாம் சாவிக்கு ஆள் நியமியுங்கள். எல்லாப் பெட்டிகளையும் முதலிலிருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.”

குழு நின்றவாறே கூடி மெர்லினை நியமித்தது. போட்டியிலிருந்து அவள் விலக வேண்டியதாயிற்று. “பரவால்லக்கா, உங்ககிட்டத் திட்டு வாங்குறதும் ஒரு போட்டிதான்” என்றாள். அவள் உள்ளே சென்று ஒவ்வொரு பெட்டியையும் தானே வாசித்துக் குறித்தாள். அப்போது நான் வெளியே நின்றேன். பிறகு நான் சென்றேன். அவள் வெளியே நின்றாள். இரண்டு சீட்டுகளையும் செயலாளர் ஒப்பிட்டார். பொருந்தின. அதன் பிறகே என் வார்த்தையைக் கொடுத்தேன்.

போட்டி தாமதமாகத் தொடங்கியது. மாலைவரை தவறு ஏதும் நேரவில்லை. தூத்துக்குடிக்காரர்கள் கோப்பையைக் கொண்டுபோனார்கள். கிடங்கு சரியாக இருந்தது என்பதை இங்கே பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

ஹவில்தாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. சாப்பாட்டு டப்பாவை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஓசூரிலிருந்து அவர் மகள் நாகலட்சுமி வந்து அவரை அழைத்துச் சென்றாள். முதலில் மதுரைக் கண் மருத்துவமனை, பிறகு ஓசூர். பெட்டி, படுக்கை, டிரான்சிஸ்டர். ஒரு ஆட்டோவில் எல்லாம் அடங்கிவிட்டன.

“நீங்கதான் குருவம்மாக்காவா?” என்றாள் அந்தப் பெண். “அப்பா போன் பண்ணுனா முக்காவாசி உங்க பேச்சுதான். ஆப்பரேசனுக்கு நாங்க ரெண்டு வருசமா கெஞ்சுறோம். அசையல. நீங்க என்ன சொல்லி ஒத்துக்க வச்சீங்க?”

“நான் எதுவும் சொல்லவில்லை” என்றேன். இது முழு உண்மை.

ஹவில்தார் ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்தார். “கோவமா?”

“இல்லை. தங்களுக்கு?”

“அன்னைக்கு ராத்திரி மட்டும் இருந்துச்சு” என்றார். “வாரேன்.”

இங்கே போகிறவர்கள் எல்லாரும் ‘வாரேன்’ என்றே சொல்கிறார்கள். அதற்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பழைய சிவப்பு இருபது போர்களை உரியவர்கள் வந்து அழிப்பதற்கு எடுத்துச் சென்றார்கள். அவ்விடத்தைக் கழுவித் துடைத்தேன்.

கிளப் தொலைபேசியில் ஹவில்தார் பேசினார் என்று செயலாளர் தெரிவித்தார். வலது கண் நன்றாகத் தெரிகிறதாம். மகள் வீட்டுச் சுவர் இத்தனை நாளும் வெள்ளை என்று எண்ணியிருந்தாராம்; இளம் பச்சையாம். என்னை விசாரித்தாராம். அந்நேரம் நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

புதிய முறை நன்கு நடைபெறுகிறது. நான் வாசிப்பது மெர்லின் காதில் விழுவதில்லை. அவள் வாசிப்பது என் காதில் விழுவதில்லை. தென்காசி கிளப்பிலிருந்து இதைப் பார்த்துச் செல்ல ஆள் அனுப்பியிருந்தார்கள். விளக்கினேன். அவர் நின்றுகொண்டே குறிப்பெடுத்தார்.

கிடங்கு மிகவும் அமைதியாக இருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இடது கண்ணும் முடிந்துவிட்டது. பார்வைச் சான்றிதழுடன் வந்தால் வேறு பணி தருவதாகக் குழு அவருக்கு எழுதியிருக்கிறது. பதில் இல்லை. மகள் அங்கேயே இருக்கச் சொல்கிறாளாம். நியாயமே.

மெர்லின் பூட்டைப் பூட்டிக்கொண்டே, “நீங்க ஒரு லெட்டர் போடுங்கக்கா” என்றாள்.

“அலுவல் கடிதம் செயலாளர் அனுப்பிவிட்டார்.”

“அலுவல் இல்லாத லெட்டரு.”

“அதற்குக் காரணம் வேண்டும்.”

“ஏங்க்கா, உங்களுக்கு இன்னுமா காரணம் தெரியல?” என்றாள். “எனக்கே தெரியும். டாக்டருக்குத் தெரியும். அந்த டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும்.”

அவளைக் கண்டித்தேன். ஆயினும் அவள் சொன்னதில் தவறு எதுவும் காணப்படவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று காலை அஞ்சலில் சேர்த்த கடிதத்தின் நகல் பின்வருமாறு. முதலில் எழுதியது மூன்று பக்கம் இருந்தது. அதைக் கிழித்துவிட்டேன்.

ஹவில்தார் திரு. வீரசின்னு அவர்களுக்கு,

வணக்கம். இரு கண்களும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கே கிடங்கு நலம்.

இந்தக் கடிதம் வேலை குறித்தது அன்று. கிளப் தரும் வேலையை நீங்கள் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் நான் கேட்பது மாறாது. சடையம்பட்டியில் எனக்குச் சொந்தமாக இரண்டு அறை வீடு உள்ளது. கணவர் மறைந்து பதினோரு ஆண்டுகளாக அதில் தனியாக இருக்கிறேன். இருக்கத் தெரியும். அதனால் கேட்கவில்லை. நீங்கள் அந்த வீட்டில் என்னோடு இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சட்டப்படி பதிவு செய்துகொண்டுதான். ஊர் பேசும். எனக்கு அதில் அச்சமில்லை. உங்கள் மகளிடம் நானே நேரில் வந்து பேசுவேன்.

உங்களை அண்ணாச்சி என்று நான் ஒருபோதும் அழைத்ததில்லை. மெர்லின் அதற்குக் காரணம் கேட்டபோது பதவியின் பெயரால் மழுப்பினேன்.

நான் கேட்டுவிட்டேன் என்பதற்காகச் சரி என்று சொல்ல வேண்டாம். உங்களுக்கே தோன்றினால் மட்டும் சொல்லுங்கள். இல்லை என்றாலும் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். இப்போதுதான் கண் தெரிகிறதே. சீக்கிரம் பதில் போடுங்கள்.

குருவம்மாள்